யாரோ ஒருவர் இன்னும் தயாராகவில்லை

1

திரையில் இருந்தது ஒரே ஒரு வரிதான். "முகவரி 22: நேரம் கடந்துவிட்டது."

2006-ம் வருடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அளவுக்கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் ஒரு சிறிய கேலிபரேஷன் லேபில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஓர் ஆள் உயர ரேக்கில் ஆறு கருவிகள். அவற்றை ஒரு கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டு வேலை வாங்கும். சாயங்காலம் ஓட விட்டுப் போனால் காலையில் நூற்றுக்கணக்கான அளவுகள் தயாராக இருக்க வேண்டும். ஆனால் சில வாரங்களாக நடு இரவில் எங்கோ நின்றுவிடும். காலையில் வந்து பார்த்தால் அதே வரி. முகவரி 22.

22 என்பது ரேக்கிலேயே வயதான கருவி, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் எங்கள் மூத்த டெக்னீஷியன். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேலை ஒப்பந்த அடிப்படையில் இருந்தது, புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதுதான். மேனேஜர் எழுதிய அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: மீட்டர் பழசு, பராமரிப்பு போதவில்லை.

அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சத்தம் போடவில்லை. என்னிடம் வந்து கேட்டார். "தம்பி, மீட்டர் பதில் சொல்லலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. சரி. மீட்டர்கிட்ட கேள்வி போய்ச் சேந்துச்சான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது என்பதுகூட எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் போன வழியில்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது.

2

அந்த ஆறு கருவிகளையும் இணைத்திருந்தது தடிமனான ஒரு கேபிள். ஒவ்வொரு முனையிலும் 24 ஊசி இணைப்பான். ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஏற்றி அடுக்கிக்கொள்ளலாம். இதற்கு நான்கு பெயர்கள் உண்டு. உருவாக்கிய ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் வைத்த பெயர் எச்பி-ஐபி. மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல விரும்பாமல் ஜிபிஐபி என்றார்கள். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் ஐஇஇஇ-488. ஐரோப்பியர்களுக்கு ஐஇசி-625. நான்கும் ஒரே பஸ்தான்.

பஸ் என்றால் நமக்குப் பேருந்துதான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. இரண்டுமே 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால்தான். 'எல்லோருக்கும்' என்று பொருள். ஒரே கம்பித் தொகுதி, அதில் தொங்கும் எல்லோருக்கும் பொது. இந்த 'எல்லோருக்கும்' என்பதை அந்த வடிவமைப்பாளர்கள் எவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் மையம்.

1960-களில் நிலைமை வேறு. வோல்ட்மீட்டர்கள் அப்போதுதான் முள்ளிலிருந்து எண்ணுக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த எண்ணை அச்சு இயந்திரத்துக்கோ கம்ப்யூட்டருக்கோ அனுப்ப மீட்டரின் பின்பக்கம் ஓர் இணைப்பு இருக்கும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு கம்பி. ஆறு இலக்கம் என்றால் 24 கம்பி, அதற்கு மேல் குறி, தசமப் புள்ளி, கட்டுப்பாட்டுக் கம்பிகள் வேறு. அடுத்த கருவிக்கு வேறு இணைப்பு, வேறு ஒழுங்கு. எச்பி 1966-ல் வெளியிட்ட அதன் முதல் கம்ப்யூட்டரான 2116ஏ, முக்கியமாக அளவுக்கருவிகளோடு சேர்ந்து வேலை செய்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஓர் இணைப்பு அட்டை தேவைப்பட்டது. ஐந்து கருவி வாங்கினால் ஐந்து மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவிகளில் பல ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு பிரிவுகளில் செய்யப்பட்டவை. ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி பேச மொழிபெயர்ப்பாளர். 1960-களின் பிற்பகுதியில் எச்பி பொறியாளர்கள் ஒரு பொது ஒழுங்கைத் தேடத் தொடங்கினார்கள். 1972 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் ஆய்விதழில் டொனால்ட் லௌரி, ஜெரால்ட் நெல்சன், டேவிட் ரிச்சி ஆகியோரின் கட்டுரைகள் அதை உலகுக்கு விளக்கின. மூன்று வருடத்தில், 1975-ல், அது ஐஇஇஇ-488 என்ற பொதுத் தரமானது.

மொத்தம் 16 சமிக்ஞைக் கம்பிகள். அதிகபட்சம் 15 கருவிகள். கேபிளின் மொத்த நீளம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. உச்ச வேகம் விநாடிக்கு 10 லட்சம் பைட். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போனின் கணக்கில் இது நத்தை. ஆனால் அந்த எட்டு, மூன்று, ஐந்து என்று பிரித்த கம்பிகளில் நடுவில் இருக்கும் அந்த மூன்றுதான் அழகு.

3

எட்டுக் கம்பிகள் தரவுக்கு. ஐந்து கம்பிகள் நிர்வாகத்துக்கு. மூன்று கம்பிகள் கைகுலுக்கலுக்கு. அந்த மூன்றின் பெயர்கள்: டிஏவி, என்ஆர்எஃப்டி, என்டிஏசி. முதலாவது "தரவு தயார்". இரண்டாவது "தரவு வாங்க நான் இன்னும் தயாரில்லை". மூன்றாவது "தரவை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை".

முதல் கம்பி பேசுபவருடையது. மற்ற இரண்டும் கேட்பவர்களுடையவை. கேட்பவர்களின் இரண்டு கம்பிகளுமே இல்லை, இல்லை என்றுதான் பேசுகின்றன, கவனித்தீர்களா? அதற்குக் காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. இந்தக் கம்பிகள் சும்மா இருக்கும்போது மேல்நிலையில் நிற்கும். தரையை நோக்கி ஒருவர் இழுத்தாலும் கம்பி முழுதும் கீழே வந்துவிடும். மீண்டும் மேலே எழ வேண்டுமானால் இழுத்துப் பிடித்த அத்தனை பேரும் விட வேண்டும். ஒருவர் விடாவிட்டாலும் எழாது.

நம் ஊர்ப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வரிசையில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள். ஆனாலும் எழுந்திருக்க மாட்டீர்கள். கோடியில் ஒரு பெரியவர் மோர்சாதத்தில் இருக்கிறார். அவர் முடிக்கும்வரை வரிசை காத்திருக்கும். யாரும் அவரிடம் போய் "சீக்கிரம்" என்று சொல்வதில்லை. பஸ்ஸும் அப்படித்தான். பேசுபவர் ஒரு பைட்டை வைக்க வேண்டுமானால் என்ஆர்எஃப்டி மேலே எழ வேண்டும், அதாவது கேட்கும் ஒவ்வொருவரும் தயாராக வேண்டும். அந்த பைட்டை எடுக்க வேண்டுமானால் என்டிஏசி எழ வேண்டும், அதாவது கடைசி ஆளும் வாங்கி முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு பந்தி.

இதன் விளைவு பெரிது. விநாடிக்கு லட்சக்கணக்கான பைட் வாங்கும் கம்ப்யூட்டரும், ஒவ்வோர் எழுத்தாக அடித்து அச்சிடும் பிரிண்டரும் ஒரே கம்பியில் உட்காரலாம். வேகத்தை யாரும் முன்கூட்டி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மெதுவானவருக்குத் தனிச் சலுகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. சமத்துவம் கம்பியிலேயே இருக்கிறது. எச்பி இந்தக் கைகுலுக்கலுக்குக் காப்புரிமை வைத்திருந்தது, மற்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது.

ஆனா இதில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. கம்பி கீழே இருக்கிறது என்றால் "யாரோ ஒருவர் இன்னும் தயாரில்லை" என்று தெரியும். அந்த யாரோ யார் என்று தெரியாது. பத்துப் பேர் பிடித்தாலும் ஒருவர் பிடித்தாலும் கம்பிக்கு ஒரே நிலைதான்.

4

அண்ணன் வேறொரு லேபில் இருந்த நண்பரிடமிருந்து ஒரு பஸ் அனலைசரை இரவல் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் செருகும் அட்டை, கூடவே ஒரு மென்பொருள். கேபிளில் இன்னொரு கருவி மாதிரி தொங்கிக்கொண்டு, 16 கம்பிகளிலும் நடப்பதை நேரத்தோடு எழுதிக்கொண்டே இருக்கும்.

இந்த வகைக் கருவிக்கும் வயது உண்டு. பஸ் தரமான காலத்திலேயே எச்பி 59401ஏ என்ற ஒன்றை விற்றது. முன்பக்கத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன விளக்கு. கடந்துபோன பைட்டுகளை நினைவில் பிடித்து வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். இன்னொன்றும் செய்யும்: ஒரு பொத்தானுக்கு ஒரு பைட் என்று பஸ்ஸையே படிப்படியாக நடக்க வைக்கும். எப்படி முடிகிறது? அதே பந்தி விதிதான். அனலைசர் தானும் ஒரு கேட்பவராக உட்கார்ந்து, தன் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மெதுவானவருக்காக எல்லோரும் காத்திருக்கும் உலகத்தில், படிக்க விரும்புகிறவர் தன்னை மிக மெதுவானவராக ஆக்கிக்கொண்டால் போதும். காலம் நின்றுவிடும்.

சரி, அனலைசர் எழுதித் தந்ததை எப்படிப் படிப்பது? முதல் நாள் எனக்கு அது எண்களின் குப்பையாகத்தான் தெரிந்தது. அண்ணன் ஒரே ஒரு கம்பியை முதலில் பார்க்கச் சொன்னார். ஏடிஎன், அதாவது "கவனியுங்கள்". இது கீழே இருந்தால் போகும் பைட் கட்டளை. மேலே இருந்தால் அது பேச்சு. வகுப்பில் வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பது ஒன்று, பாடம் நடத்துவது வேறொன்று. இரண்டும் அதே குரல்தான், ஆனால் முதலாவதற்கு எல்லோரும் காது கொடுக்க வேண்டும்.

பிறகு முகவரிக் கணக்கு. ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 30 வரை ஓர் எண். "நீ கேள்" என்று சொல்ல அந்த எண்ணோடு 32-ஐக் கூட்ட வேண்டும். "நீ பேசு" என்று சொல்ல 64-ஐக் கூட்ட வேண்டும். ஆக 22-ஐக் கேட்கச் சொல்வது 54. பேசச் சொல்வது 86. யாருக்கும் கொடுக்காமல் வைத்த 31-க்குத் தனி வேலை. 32-ம் 31-ம் 63: "இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்துங்கள்." 64-ம் 31-ம் 95: "பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்துங்கள்."

இந்த எண்களை எழுத்துக் குறியீட்டில் போட்டுப் பார்த்தால் 63 என்பது கேள்விக்குறி, 54 என்பது '6' என்ற இலக்கம். அதனால்தான் 1970-களின் மேசைக் கணிப்பான்களில் நிரல் எழுதியவர்கள் '?யு6' மாதிரி விநோதமான மூன்றெழுத்துகளை எழுதி வைத்தார்கள். கேட்பவர்கள் நிறுத்துங்கள், 21 பேசு, 22 கேள். அவ்வளவுதான். மந்திரம் மாதிரி இருப்பது வெறும் வருகைப்பதிவு.

எங்கள் லேபில் கம்ப்யூட்டரின் முகவரி 0. நல்லபடியாக நடந்த ஓர் உரையாடலை அனலைசர் இப்படித் தந்தது. ஏடிஎன் கீழே: 63, 54, 64. எல்லோரும் நிறுத்துங்கள், 22 கேள், 0 பேசுகிறேன். ஏடிஎன் மேலே: 'ரீட்?' என்று ஐந்து எழுத்து, கடைசியில் வரி முடிவு, கூடவே இஓஐ கம்பி ஒரு முறை தாழ்ந்து எழுகிறது. "பேசி முடித்தேன்" என்று அர்த்தம். மறுபடி ஏடிஎன் கீழே: 63, 32, 86. எல்லோரும் நிறுத்துங்கள், 0 கேட்கிறேன், 22 பேசு. பிறகு மீட்டர் தன் அளவை ஓர் எண்ணாகச் சொல்லி இஓஐ தட்டி முடிக்கிறது.

இதைப் படிக்கத் தெரிந்த அன்று இரவு வீட்டுக்குப் போகும்போது ஓர் உற்சாகம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்கும் உற்சாகம். ஆனால் அண்ணனின் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. தவறு நடக்கும் இரவுக்குக் காத்திருந்தோம்.

5

காத்திருந்த நாட்களில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. பஸ்ஸை வடிவமைத்தவர்கள் 'யார்' என்ற கேள்வியை மறந்தவர்கள் அல்ல. வேறோர் இடத்தில் அதற்கு விடை வைத்திருக்கிறார்கள். எஸ்ஆர்கியூ என்று ஒரு கம்பி. ஒரு கருவிக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், வேலை முடிந்துவிட்டது, பிழை வந்துவிட்டது, அந்தக் கம்பியை இழுக்கும். அதுவும் பெயரில்லாத கம்பிதான். ஆனால் அதன் பிறகு கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் ஒவ்வொருவராகக் கேட்கலாம்: "நீயா? நீயா?" கூப்பிட்டவர் தன் நிலையைச் சொல்லும் பைட்டில் ஒரு குறிப்பிட்ட பிட்டை ஏற்றி "நான்தான்" என்பார். கை தூக்கியவரைக் கண்டுபிடிக்க ஒழுங்கான முறை உண்டு.

தாமதிப்பவரைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு முறை கிடையாது. காரணம் புரியாமல் இல்லை. தயாராகாத ஒருவரிடம் "நீயா?" என்று கேட்கக்கூட அவர் தயாராக வேண்டும். தாமதத்தைப் பஸ் பொறுத்துக்கொள்ளும், பெயர் சொல்லாது.

அடுத்த முப்பது வருட வரலாறு முழுக்க, தரம் எதைச் சொல்லாமல் விட்டதோ அதை நிரப்பும் முயற்சிதான். முதலில் இணைப்பான். ஐரோப்பியத் தரம் அதே கம்பிகளை 25 ஊசியுள்ள வேறு இணைப்பானில் வைத்தது. மோடம்களில் இருந்த இணைப்பானும் அதுவே. தவறாகச் செருகினால் பஸ்ஸின் 5 வோல்ட் உலகத்துக்குள் அதைவிடப் பெரிய மின்னழுத்தம் நுழையும். அமெரிக்க இணைப்பானிலேயே திருகாணி தகராறு. முதலில் அங்குல மரை, பிறகு மெட்ரிக் மரை. வெள்ளித் திருகு பழசு, கறுப்புத் திருகு மெட்ரிக். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் மரை போய்விடும். எங்கள் லேபிலும் அப்படி மரை போன இரண்டு கேபிள்கள் பரணில் கிடந்தன.

பிறகு அர்த்தம். 1975-ன் தரம் பைட் எப்படிப் போக வேண்டும் என்று சொன்னது. பைட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லவில்லை. எச்பியின் 3478ஏ மல்டிமீட்டரில் 'எஃப்1' என்றால் நேர்மின்னழுத்தம் அள. இன்னொரு கருவிக்கு அது வேறு ஏதாவது, அல்லது ஒன்றுமே இல்லை. தபால் போய்ச் சேரும், ஆனால் கடிதத்தின் மொழி அவரவர் ஊர் மொழி. 1987-ல் 488.2 என்ற இரண்டாம் பகுதி வந்து சில பொதுச் சொற்களைக் கட்டாயமாக்கியது. அவற்றில் புகழ்பெற்றது '*ஐடிஎன்?', அதாவது "நீ யார்?" 1990-ல் பல நிறுவனங்கள் சேர்ந்து 'ஸ்கிப்பி' என்ற பொதுக் கட்டளை மொழியை உருவாக்கின. பஸ் கேபிள் போய் யூஎஸ்பியும் லேன் கேபிளும் வந்த பிறகும் கருவிகள் இன்றுவரை அந்த மொழியைத்தான் பேசுகின்றன.

கடைசியில் வேகம். 1976-ல் டெக்சஸின் ஆஸ்டினில் ஜேம்ஸ் ட்ரூச்சார்டும் ஜெஃப் கோடாஸ்கியும் பில் நௌலினும் தொடங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், இந்த பஸ்ஸைக் கம்ப்யூட்டர்களோடு இணைத்தே வளர்ந்த நிறுவனம். 1990-களில் அது ஒரு திருத்தத்தை முன்வைத்தது. ஒவ்வொரு பைட்டுக்கும் எல்லோரின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம், வேகமானவர்கள் தங்களுக்குள் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே போகலாம். விநாடிக்கு 80 லட்சம் பைட்வரை. பஸ்ஸைப் பெற்ற எச்பியே எதிர்த்தது. ஆனாலும் 2003-ல் தரத்தில் சேர்ந்துவிட்டது. பந்தியில் முடித்தவர்கள் எழுந்து போகலாம் என்ற விதி இது. பழைய கருவி ஒன்று கேட்பவராக இருந்தால் மட்டும் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று இடம் விட்டிருந்தார்கள்.

எதிர்த்தவர்களை அன்று பழமைவாதிகள் என்று நினைத்திருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. காத்திருத்தல்தான் அந்த வடிவமைப்பின் உத்தரவாதம். பைட் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமே அதில் எழாது. சேரவில்லை என்றால் எல்லாமே நிற்கும். நிற்பது ஒரு செய்தி. அந்தச் செய்தியை யாராவது சரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

6

ஆறாவது இரவு நின்றது. காலையில் ஏழு மணிக்கே இரண்டு பேரும் வந்துவிட்டோம். திரையில் வழக்கமான வரி. முகவரி 22.

முதலில் மென்பொருளின் சொந்தப் பதிவைத் திறந்தேன். கம்ப்யூட்டர் நிரல் எதை அனுப்பச் சொன்னது என்று அதில் இருக்கும். "22-க்கு ரீட் அனுப்பு. தோல்வி. நேரம் கடந்தது." மேனேஜர் பார்த்தது இதைத்தான். அண்ணன் தலையாட்டினார். "இது அவன் சொன்ன கதை. கம்பி என்ன சொல்லுது பாரு."

அனலைசர் பதிவைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினோம். நிற்பதற்கு முன் கம்ப்யூட்டர் பேசியது மீட்டரிடம் அல்ல, 5-ஆம் முகவரியிடம். 63, 37, 64: எல்லோரும் நிறுத்துங்கள், 5 கேள், 0 பேசுகிறேன். பிறகு 'வோல்ட் 30', வரி முடிவு, இஓஐ. 5 என்பது ஆறு மாதம் முன்பு வாங்கிய புது பவர் சப்ளை. ரேக்கிலேயே விலை அதிகமானது, அதன் மேல் தூசிகூட உட்கார விட மாட்டார்கள். அந்தக் கட்டளையை அது ஒழுங்காக வாங்கிக்கொண்டது.

அடுத்து மீட்டரைக் கூப்பிட ஏடிஎன் தாழ்கிறது. 63 போகிறது, எல்லோரும் ஏற்கிறார்கள். அடுத்த பைட் 54 தரவுக் கம்பிகளில் வந்து நிற்கிறது. அது நிற்கிறது, போகவில்லை. டிஏவி மேலேயே இருக்கிறது. பேசுபவர் இன்னும் "தரவு தயார்" என்று சொல்லவே இல்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் என்ஆர்எஃப்டி கீழே இருக்கிறது. யாரோ ஒருவர் தயாரில்லை. 3 விநாடி அப்படியே. அதுதான் நிரலில் எழுதியிருந்த காத்திருப்பு வரம்பு. வரம்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் கைவிட்டுவிட்டது. கைவிட்டு 1 விநாடிக்குச் சற்றுமேல் ஆனபின், யாரும் பார்க்காத நேரத்தில், என்ஆர்எஃப்டி அமைதியாக மேலே எழுகிறது.

மீட்டரிடம் 'ரீட்?' என்ற கேள்வி போகவே இல்லை. அதன் பெயரைக்கூட முழுதாகக் கூப்பிடவில்லை. பெயரைக் கூப்பிடும் கட்டளை பைட்டை பஸ்ஸில் இருக்கும் ஆறு பேரும் கேட்டாக வேண்டும், அதில் ஒருவர் காதைக் கொடுக்கவில்லை. நிரல் அந்த நேரத்தில் 22-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், தோல்வியின் மேல் 22 என்ற எண்ணை எழுதிவிட்டது.

"அப்ப அஞ்சாம் நம்பர்தான்" என்றேன்.

"அவசரப்படாத. கம்பி பேர் சொல்லலையே. மீட்டரே பிடிச்சிருக்கலாம்ல?" என்றார் அண்ணன். தன் பக்கம் சாட்சி சாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவர் அப்படிச் சொன்னதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பெயர் சொல்லாத கம்பியில் ஆளைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: ஒவ்வொருவராகக் கழற்ற வேண்டும். முதலில் மீட்டரைக் கழற்றினோம். இரண்டு திருகாணி, பழைய வெள்ளித் திருகு. 22 என்ற கருவியே இல்லாத பஸ்ஸில், பவர் சப்ளைக்கு 30 வோல்ட் கட்டளை கொடுத்துவிட்டு 22-ஐக் கூப்பிடச் சொன்னோம். அதே இடம். 63 போனது, 54 நின்றது, 3 விநாடி, தோல்வி. திரையில் "முகவரி 22: நேரம் கடந்துவிட்டது" என்று வந்தது. ரேக்கில் அந்த இடம் காலியாக இருந்தது, மீட்டர் மேசைமேல் மின்சாரம்கூட இல்லாமல் கிடந்தது.

பிறகு மீட்டரைப் பூட்டிவிட்டு பவர் சப்ளையைக் கழற்றினோம். தாமதம் இல்லை. மறுபடி பூட்டினோம். தாமதம் வந்தது. குறைந்த வோல்ட்டில் இருந்து உயர்ந்த வரம்புக்குத் தாவும்போது மட்டும் அந்தப் புதுக் கருவி உள்ளே ரிலேக்களை மாற்றித் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. அந்த 4 விநாடியும் பஸ்ஸுக்குக் காது கொடுப்பதில்லை. வரிசை முழுதும் அதற்காகக் காத்திருக்கிறது. இரவு ஓட்டத்தில் அந்தத் தாவல் அபூர்வமாக வரும், அதனால்தான் எப்போதாவது நின்றது.

தீர்வு அற்பமானது. நிரலில் 3 விநாடியை 10 விநாடியாக மாற்றினேன். ஒரே ஓர் எண். அதற்குப் பிறகு அந்தக் காரணத்துக்காக ஓட்டம் நிற்கவே இல்லை.

அறிக்கையை மாற்ற இன்னும் இரண்டு வாரம் ஆனது. அனலைசர் பதிவை அச்செடுத்து, 54 நின்ற இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, மீட்டர் இல்லாமல் எடுத்த பதிவையும் பக்கத்தில் வைத்து, மேனேஜரின் மேசையில் நான்தான் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. கூர்ந்து படித்தார், கேள்வி கேட்டார், புரிந்துகொண்டார். காரணம் என்ற கட்டத்தில் 'காத்திருப்பு வரம்பு போதவில்லை' என்று எழுதினார். பழைய வரி அடிக்கப்பட்டது. அண்ணனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

இன்றைக்கு நான் பார்க்கும் ரேக்குகளில் அந்தத் தடிமனான கேபிள் அநேகமாக இல்லை. எல்லாம் நெட்வொர்க். வேகம் பல மடங்கு. ஆனால் காலையில் வந்து பார்த்தால் ஒரு வரி இருக்கும்: இன்ன முகவரி, நேரம் கடந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உடனே அந்தக் கருவியின் மேல் கை வைப்பார்கள். நான் அண்ணன் கேட்டதையே கேட்கிறேன். கேள்வி போய்ச் சேர்ந்துச்சா? அந்த நேரத்துல வரிசையில வேற யார் யார் உக்காந்திருந்தாங்க?